சனிக்கிழமை பெஞ்சு

கெட்டுப்போகக்கூடிய பையன்களைக் கெடாமல் பார்த்துக்கொள்வதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஐம்பதுகளின் கடைசியில், திருச்சிராப்பள்ளியில், இருபத்தாறு வயதில் நான் பார்த்த வேலை அது. ‘புரோபேஷன் ஆபீசர்’ என்று உத்தரவில் போட்டிருந்தது. தமிழில் நன்னடத்தை அதிகாரி. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், “மாப்பிள்ளை நன்னடத்தை உள்ளவர்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு” என்று ஒரு போடு போட்டார். நான் மறுக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

வேலை இதுதான். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பையன் முதல் தடவையாக ஏதாவது சின்னக் குற்றத்தில் மாட்டினால், மாஜிஸ்திரேட் அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே விட்டுவைக்கலாம். அதற்குப் பதிலாக அவன் ஒரு வருஷம் என் பார்வையில் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை என் முன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஏதாவது செய்தால் பள்ளி. பையன்கள் அதைப் ‘பசங்க ஜெயில்’ என்றுதான் சொல்வார்கள். பள்ளியின் பெயர்ப்பலகையைவிட அது பொருத்தமாகவே இருந்தது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒழுங்கு தெரியாதவர். பையன்கள் இஷ்டப்பட்ட நாளில் வந்தார்கள், அவரும் இஷ்டப்பட்ட இடத்தில் கையெழுத்து வாங்கினார். ஒரு பக்கத்தில் காப்பிக் கறை இருந்தது. நான் வந்த முதல் மாதமே இதைச் சீர்படுத்தினேன். எல்லாப் பையன்களும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜர். வராந்தாவில் பெஞ்சு. பதிவேட்டின் வரிசைப்படி பெயர் கூப்பிடும் வரை அமைதியாகக் காத்திருக்க வேண்டும்.

பெஞ்சு, மூடிப்போன ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஏலத்தில் வந்தது. எட்டுப் பேர் உட்காரலாம், ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். கடைசிப் பையனின் முறை வருவதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் தங்கள் தவறுகளை நினைத்துப் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். என் மேஜையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக ஒன்பது முதுகுகள் தெரியும். முதுகுகள் சிந்தனையில் ஆழ்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

ஒருவனும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பாலக்கரைப் பையன் ஒருவன் ஜுரத்தோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தான். “வீட்ல படுத்திருக்க வேண்டியதுதானேடா?” என்று கேட்டதற்கு, “வராம எப்படி சார்?” என்றான். என் கண் கலங்கியது. மாத அறிக்கையில் ‘சிறுவர்களிடையே பொறுப்புணர்ச்சி வேரூன்றி வருகிறது’ என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கோப்பில் வைத்து, கோப்பைப் பீரோவில் வைத்து, பீரோவைப் பூட்டினேன்.

இந்தக் கதைக்கு உரியவன் பெஞ்சின் நான்காவது ஆள், ஸ்ரீரங்கத்துப் பையன். வயது பதினைந்து. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். அப்பா லாரி டிரைவர். பம்பாய்ப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து முகம் காட்டுவார். அம்மா பூக்கட்டுபவர். மலைக்கோட்டையின் கீழே உள்ள கடைகளில் சாமி படங்களுக்குத் தினமும் போடும் வாடிக்கைப் பூவைப் பையன் காலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்து கொண்டுவந்து கொடுப்பான். பத்து மணிக்குள் அந்த வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் அவனுக்கும் உலகத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒரு ஜவுளிக்கடையின் பின் சந்தில், கடையில் பில் போடுகிறவருடைய சைக்கிள் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை சும்மா நின்றது. பூட்டுக் கிடையாது. பையன் அதை எடுத்து ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நாலு மணிக்கு அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். மூன்று மாதம் இப்படி நடந்தது, யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பில் போடுகிறவருக்குத் தலைவலி வந்து மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினார். சைக்கிள் இல்லை. போலீஸ் வந்தது. நாலு மணிக்குப் பையன் மணியடித்துக்கொண்டே வந்து போலீஸ்காரர் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டும் போட்டான். திருடிய பொருளைத் திருப்பி வைக்கும்போது பிடிபட்டவன் என் பதிவேட்டில் அவன் ஒருவன்தான்.

அவன் வந்து ஐந்து மாதம் இருக்கும். எங்கள் மேலதிகாரி வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு. பெஞ்சை அவருக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன்.

அன்று மேலதிகாரி வந்த பிறகு அவர் முன்னால்தான் பெயர் கூப்பிடுவதாக இருந்ததால், பத்தே முக்காலுக்குத்தான் பீரோவின் சாவியைத் தேடினேன். முந்தின நாள் சட்டைப் பையில் வைத்தது ஞாபகம் வந்தது. சட்டை விடிகாலையிலேயே சலவைக்குப் போய்விட்டது. பதிவேடுகள், ரப்பர் ஸ்டாம்பு, என் பாராட்டுக் கடிதம் எல்லாம் பீரோவுக்குள்.

எங்கள் பியூன் பெரிய வேதாந்தி. “பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வரணும்னா மரக்கடை பஜார் வரைக்கும் போகணுங்க. அதுக்குள்ள பெரியவர் வந்துடுவாரு. வந்தா வரட்டும். எல்லாரும் ஒரு நாள் ரிட்டயர் ஆகப்போறவங்கதான்” என்றார்.

வாசற்படியில் ஸ்ரீரங்கத்துப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

“சார், நான் திறக்கட்டா?”

“உனக்கு என்னடா தெரியும்?”

“தெரியும் சார்.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “சரி, திற” என்றேன். எந்த விதியின் கீழ் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் ஒரு குடைக்கம்பியோடு பீரோவின் முன் மண்டியிட்டான். அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெஞ்சில் இருந்த மற்ற எட்டுப் பேரும் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். உறையூர்ப் பையன், “அவசரப்படாதடா. அன்னிக்கி சொன்னேன்ல, காதை வெச்சுக் கேளு” என்றான். வாத்தியார் குரல்தான் அது.

பீரோக் கதவு திறந்தது. பின்னால் இன்னொரு சத்தம், செருப்புச் சத்தம். மேலதிகாரி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவதைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. இருக்க வேண்டும்.

“என்னய்யா நடக்குது இங்கே? யார் இவனைத் திறக்கச் சொன்னது?”

‘நான்தான் சார்’ என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் கிடைத்தது. பையன் பீரோவைத் திறக்கவும் அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டான். அவன் முடித்துவிட்டான். நான் பேசவில்லை. பையன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“எங்கடா கத்துக்கிட்ட இதை?” என்றார் மேலதிகாரி.

“இங்கதாங்க. பெஞ்சுல.”

“திமிரைப் பாருய்யா!” என்று அவர் என் பக்கம் திரும்பினார். “நன்னடத்தைக் காலத்துல, நன்னடத்தை ஆபீஸுக்குள்ளேயே பூட்டை உடைக்கிறான். இதுக்கு மேல என்ன வேணும்? செவ்வாய்க்கிழமை நான் ஊருக்குத் திரும்பறதுக்குள்ள அறிக்கை வேணும். பள்ளிக்கு அனுப்பிடலாம்.”

பள்ளிக்கு அனுப்பினால் பதினெட்டு வயது முடியும் வரை. அதாவது மூன்று வருஷம்.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் வீட்டு விசாரணை செய்ய வேண்டும் என்பது விதி. விதிகளை நான் மீறுவதில்லை, பீரோ விஷயம் தவிர. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஓட்டு வீடு. பையனின் அம்மா மடியில் மல்லிகையைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா, உக்காருங்க” என்றார். கை நிற்கவில்லை. “ஆபீஸ் பீரோவைத் தொறந்துட்டான்னு சொல்றானே, நெசமா?”

“நிஜம்தான்மா.”

“யார் சொல்லித் தொறந்தேன்னு கேக்குறேன், வாயே தொறக்க மாட்டேங்குறான். எவனோ சொல்லிக் குடுத்துத்தான் செஞ்சிருப்பான்யா. தானா செய்யிற பயலா இருந்தா அந்த சைக்கிளை வித்துட்டு வந்திருக்க மாட்டானா? எவன்னு நீங்களே கண்டுபிடிச்சு அவனை நாலு சாத்து சாத்துங்க.”

ஆகட்டும் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

தெருமுனை வரை பையன் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “காத்து கம்மியா இருக்கு சார்” என்றான்.

“ஏண்டா, நான்தான் திறக்கச் சொன்னேன்னு உங்க அம்மாகிட்டகூடச் சொல்லலையா?”

“நீங்க சும்மா இருந்தீங்களே சார். அப்ப வெளிய சொல்லக்கூடாது போலன்னு நினைச்சேன்.” ஒரு பள்ளத்தைச் சுற்றிச் சைக்கிளைத் திருப்பினான். பிறகு, “நான் போயிட்டா கடைங்களுக்குப் பூ யார் சார் கொண்டு போவாங்க? அம்மாவுக்கு முழங்கால் வலி. பாலம் ஏற முடியாது” என்றான்.

குற்றம் சாட்டும் தொனி அவன் குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் வீட்டில் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், வயது, தகப்பன் தொழில் எல்லாம் மளமளவென்று போயிற்று. ‘சேர்க்கை’ என்ற பத்தியில் பேனா நின்றது. சிறுவன் யார் யாருடன் பழகுகிறான், எங்கே, எப்போது, அதற்கு இடம் கொடுத்தவர் யார் என்று அதில் கேட்டிருக்கும். மற்றப் பையன்களின் அறிக்கைகளில் இந்த இடத்தில் டீக்கடைக்காரர், சினிமாக் கொட்டகை கேட்காரர், சித்தப்பா என்று யாரையாவது சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்.

இந்தத் தடவை யோசித்துப் பார்த்தேன். அவன் வேறு யாருடனும் பழகவில்லை. தெருவில் சிநேகிதர்கள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பெஞ்சு ஒன்றுதான். உறையூர்ப் பையனின் வித்தை பூட்டு. பாலக்கரைப் பையன் அப்பா கையெழுத்தில் லீவ் லெட்டர் எழுதி மாட்டியவன். சிந்தாமணிப் பையன் டிக்கெட் இல்லாமல் ஈரோடு வரை போய் வந்தவன். ஊரின் ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாக, தத்தம் துறையை மட்டும் அறிந்திருந்தவர்களை நான்தான் ஒரே இடத்தில் கூட்டி, உட்கார வசதி செய்து, வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தேன். ஜுரத்தோடு வந்தவன் எதற்காக வந்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வகுப்பைத் தவறவிட அவனுக்கு மனமில்லை.

எழுதினேன். யாருடன்: இவ்வலுவலகப் பதிவேட்டில் உள்ள இதர எட்டுச் சிறுவர்கள். எங்கே: இவ்வலுவலக வராந்தா. எப்போது: சனிக்கிழமைதோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை. இடம் கொடுத்தவர்: கீழே கையொப்பமிடுபவர். ‘தற்போதைய நடத்தை பற்றிய விவரம்’ என்ற பத்தியில், பீரோ திறக்கப்பட்டது கீழே கையொப்பமிடுபவரின் வாய்மொழி உத்தரவின்பேரில் என்றும், மேலதிகாரி கேட்டபோது உத்தரவிட்டவர் அதைச் சொல்லவில்லை என்றும் சேர்த்தேன். கையெழுத்துப் போடும்போது ஒரு விஷயம் கவனித்தேன். என் கையெழுத்து சென்ற மாதப் பதிவேட்டில் இதைவிட அழகாக இருந்தது. பாலக்கரைப் பையனை நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் படிவத்தில் பத்தி இல்லை.

செவ்வாய்க்கிழமை பயணியர் விடுதியில் மேலதிகாரி அதைப் படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார்.

“என்னய்யா, உம்ம தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கிறீர்?”

“படிவத்துல கேட்டிருக்கு சார்.”

“கேட்டா? எல்லாத்துக்கும் பதில் எழுதணுமா?”

“எந்தப் பத்தியையும் காலியா விடக்கூடாதுன்னு தாங்களே சுற்றறிக்கை அனுப்பியிருக்கீங்க சார். கோப்புல இருக்கு. இப்ப பீரோவும் திறந்திருக்கு.”

அவர் அறிக்கையை மடித்து வைத்தார். கெட்டவர் அல்லர். சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கு அதை யாரோ படித்திருக்கிறார்கள் என்ற செய்தி ஒரு அதிர்ச்சிதான். “பையன் இருக்கட்டும். உமக்கு மெமோ வரும்” என்றார். பையன் இருந்தான், மெமோ வந்தது. அதற்கு நான் எழுதிய விளக்கம் என் உத்தியோக வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த உரைநடை. பலன் எதுவும் இல்லை. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த இரண்டு பேர் எனக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றார்கள்.

பெஞ்சை எடுத்துவிட்டேன். ஆஜராக வேண்டிய இடம் ‘அதிகாரி குறிப்பிடும் இடம்’ என்றுதான் விதியில் இருந்தது. ஆபீஸ் என்று இல்லை. ஆகவே ஒவ்வொருவனுக்கும் ஒரு நாள், ஒரு தெருமுனை. நான் சைக்கிளில் போய்க் கையெழுத்து வாங்கினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் பையன்கள் வருவதை நிறுத்த ஆரம்பித்தார்கள். ஜுரத்தோடு வந்தவன் இப்போது வயிற்றுவலி என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினான். ஸ்ரீரங்கத்துப் பையன் புதன்கிழமைகளில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான்.

“என்னடா ஆச்சு உனக்கு?”

“பேச ஆளில்ல சார்.”

“நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“நீங்க கேக்கறீங்க, நான் பதில் சொல்றேன். அது பேச்சா சார்?”

இதற்கும் படிவத்தில் பத்தி இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை புகார் கொடுத்தவரையும் விசாரிக்க வேண்டும். ஜவுளிக்கடைக்குப் போனேன். பில் போடுகிறவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “சார், ஒண்ணு சொல்றேன், எழுதிக்காதீங்க” என்றார். “அந்த மூணு மாசமும் நான் சைக்கிளுக்குக் காத்தே அடிக்கல. வீட்ல யாரோ அடிக்கிறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். பையனைப் பிடிச்சுக் குடுத்த மறு வாரம் பின் டயர் தரையோட ஒட்டிக்கிச்சு. அப்பத்தான் வெளங்குச்சு.”

“அவன் மேல கோபம் இல்லையா?”

“இருந்துச்சு. காத்து இறங்கினதும் அதுவும் இறங்கிடுச்சு.” மேஜைக்குக் கீழே இருந்த தூக்கு டிபன் கேரியரைக் காட்டினார். “காலைல எட்டு மணிக்குக் கட்டின சோறு. ஒரு மணிக்குத் தொறந்தா சித்திரை மாசத்துல என்ன வாசனை வரும்னு உங்களுக்குத் தெரியுமா? அவன் வீடும் ஸ்ரீரங்கம், என் வீடும் ஸ்ரீரங்கம். சும்மா நிக்கிற சைக்கிளை எடுத்துட்டுப் போகட்டும். வரும்போது என் வீட்டுல சூடா வாங்கிட்டு வரட்டும். எப்படியும் ஓட்டத்தானே போறான்?”

நான் அனுமதிக் கடிதம் ஒன்று தயார் செய்தேன், இரண்டு பிரதிகள். ‘மேற்படி சைக்கிளை மேற்படி நேரத்தில் மேற்படி நபர்’ என்று. அவர் கையெழுத்துப் போட்டார். பையன் ஒரு பிரதியை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதை அவன் எத்தனை தடவை பிரித்துப் படித்தான் என்று எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் பார்த்தபோது மடிப்பில் கிழிந்திருந்தது.

கடையிலிருந்த மற்றவர்களுக்கும் சூடான சாப்பாட்டில் ஆசை வந்தது. கேரியர்கள் கூடின, ஒரு சைக்கிள் போதவில்லை. உறையூர்ப் பையனும் சிந்தாமணிப் பையனும் வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் பெஞ்சா என்று எனக்குக் கலக்கம். ஒரு நாள் பாலத்தில் அவர்கள் மூவருக்கும் பின்னால் ஓட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். பேச்சு என்னவோ அதேதான், பூட்டு, ரயில், கொட்டகை. ஆனால் இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்தன, ஹாண்டில்பாரில் யாரோ ஒருவருடைய ரசம் தொங்கிக்கொண்டிருந்தது. செய்து காட்ட வழியில்லை.

ஸ்ரீரங்கத்துப் பையனின் வருஷம் முடிந்தது. இறுதி அறிக்கையில் ‘முன்னேற்றத்துக்குக் காரணம்’ என்ற பத்தியில் வழக்கமாக ‘அதிகாரியின் இடைவிடாத கண்காணிப்பு’ என்று எழுதுவோம். ‘ரசம்’ என்று எழுத எனக்கு ஆசைதான். தைரியம் வரவில்லை. ‘உரிய ஏற்பாடுகள்’ என்று எழுதினேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் பீரோச் சாவி மறுபடியும் தொலைந்தது. பதவி உயர்வு தாமதமானதால் நான் அதே ஆபீஸில், அதே பீரோவுக்கு எதிரில்தான் இருந்தேன். பியூன் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. “அவனை வரச் சொல்லட்டுங்களா?” என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை.

அவன் அப்போது ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு இருந்தான். மீசை வந்திருந்தது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

“வாப்பா. இந்தப் பீரோவைக் கொஞ்சம் திறந்து குடு.”

அவன் பீரோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“ஆர்டர் எழுதிக் குடுங்க சார்.”

பியூன் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். அவன் வாங்கிப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

“‘என் உத்தரவின்பேரில்’னு போடுங்க சார்.”

போட்டேன்.

“சீல்?”

“சீல் பீரோவுக்குள்ள இருக்குப்பா.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “சரி, திறந்ததும் போட்டுக் குடுத்துடுங்க” என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பீரோவின் முன் மண்டியிட்டான்.